திங்கட்கிழமை உண்டியல்

உட்காருங்க அக்கா. அந்த நாற்காலி வேண்டாம், கால்ல விரிசல் விட்டிருக்கு. இதுல உட்காருங்க. மேல கூட்டிட்டுப் போக முடியாது. டிஸ்கஷன் ரூமுக்கு வெளியாளுங்க வந்தா சாருக்குப் பிடிக்காது. கார் நிறுத்துற இடம்தான், ஆனா காத்து வரும். முன்னெல்லாம் மதியம் நாங்க ரெண்டு பேரும் இங்கதான் சாப்பிடுவோம், நானும் உங்க தங்கச்சி முப்பிடாதியும். நீங்க பேச்சி அக்கான்னு மூக்கைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. அவளுக்கும் இதே மூக்கு.

எனக்கு ரெண்டு மணி வரைக்கும் நேரம் இருக்கு.

நீங்க கேக்கிறது புரியுது. உங்க கதையை இந்த சீரியல்காரங்ககிட்ட சொன்னது உங்க தங்கச்சியா, இல்லையா. அது தெரிஞ்சா அப்பாகிட்ட சொல்லுவீங்க. அப்பா மனசு மாறினா அவ வீட்டுக்கு வரலாம். இல்லேன்னா திருப்பூர்லேயே பனியன் கம்பெனி ஹாஸ்டல்ல கிடக்கணும். அதானே? அதுக்காக ராத்திரியெல்லாம் பஸ்ல உட்கார்ந்து தூத்துக்குடியிலேருந்து வந்திருக்கீங்க.

ஒரு வார்த்தையில சொல்லிடலாம்தான். ஆனா ஒரு வார்த்தையில சொன்னா தப்பாப் புரியும். எனக்குப் பேச வராதுக்கா. நாலு பேர் இருக்கிற இடத்துல நாக்கு மேல ஒட்டிக்கும். ஒருத்தர்கிட்டன்னா, முதல்லேருந்து சொல்ல விட்டா, சொல்லிடுவேன். தயிர் சாதம் இருக்கு, கொஞ்சம் சாப்பிடறீங்களா? சரி, பக்கத்துலேயே வைக்கிறேன்.

நாங்க பன்னிரண்டு பேர் அக்கா, அந்தப் பயிற்சியில. ஒரு அறக்கட்டளை நடத்தினது. சீரியல் எழுதுற ரூம்ல எல்லாரும் ஒரே மாதிரி வீடுகள்லேருந்து வந்தவங்களாவே இருக்காங்க, அதனால கதையும் ஒரே மாதிரி இருக்குன்னு சொல்லி, எங்களை மாதிரி ஆளுங்களைத் தேடி எடுத்தாங்க. மீன்பிடிக்கிற வீடு, உப்பளத்து வீடு, காலனி வீடு, குடும்பத்துலேயே முதல் தடவையா காலேஜ் போனவங்க. எங்க அப்பா திண்டிவனத்துல ரைஸ் மில்லுல மூட்டை தூக்குறவர். மூணு மாசம் பயிற்சி கொடுத்து இப்படி ஒரு ரூம்ல உதவியாளரா சேர்த்து விடுவாங்க. எழுத்தாளரா இல்ல, எழுத்தாளர்களுக்கு உதவியா. அங்கேருந்து மெதுவா மேல வந்துக்கணும்.

என்ன சொல்லிக் கொடுத்தாங்கன்னா, பேசுற வேகத்துக்குத் தமிழ்ல டைப் அடிக்கணும். ஒரு வாரத்துக் கதையை சீன் சீனா போர்டுல எழுதணும். அப்புறம் ஒரு பட்டியல் வச்சுக்கணும், எந்த ரகசியம் எந்தக் கதாபாத்திரத்துக்குத் தெரியும், யாருக்குத் தெரியாதுன்னு. மாமியாருக்குத் தெரியாதுன்னா நூறு எபிசோடானாலும் தெரியாமலே காப்பாத்தணும். நடுவுல எழுதுறவங்க மறந்துடுவாங்க. உதவியாளர் மறக்கக் கூடாது. என் பட்டியல்ல இதுவரைக்கும் ஒரு தப்பு வந்தது கிடையாது.

எல்லாத்தையும் விட முக்கியமா ஒண்ணு சொல்லிக் கொடுத்தாங்க. யார் சொன்னாங்கன்னு எழுதக் கூடாது, என்ன சொன்னாங்கன்னு மட்டும் எழுதணும். பேர் போட்டா இது உன் ஐடியா, அது என் ஐடியான்னு சண்டை வரும், ரூம் உடைஞ்சுடும்னு பயிற்சி மேடம் சொன்னாங்க. அப்ப உங்க தங்கச்சி கையைத் தூக்கினா. "அப்போ களவு போனா யாருட்ட போயி கேக்க மேடம்?" கிளாஸே சிரிச்சுது. அவ எப்பவும் அப்படித்தான். நோட்டோட ஓரத்துல சின்னதா முதல் எழுத்து போட்டு வைப்பா, யார் சொன்னதுன்னு. அதுக்காக மார்க் குறைச்சாங்க. அவளுக்குப் பத்துக்கு ஆறு. எனக்குப் பத்துக்குப் பத்து.

எங்க ரெண்டு பேரையும் ஒரே ரூமுக்குப் போட்டாங்க. மூர்த்தி சார்தான் அங்க தலைமை, கதை அவர்தான் முடிவு பண்ணுவார். கிரிஜா மேடம் வசனம். இன்னும் நாலு பேர் உண்டு. முதல் நாளே சேனல்லேருந்து வந்து எங்களை முன்னால நிக்க வச்சு போட்டோ எடுத்துட்டுப் போனாங்க. முப்பிடாதிங்கிற பேரு சார் வாயில நுழையல. "முப்பு"ன்னு கூப்பிட்டார். மூணாவது நாள் இவ சொல்றா, "சார், சீரியல்ல இருவத்தாறு பேரு, அவுக சித்தி பெரியம்மா பேரு எல்லாம் மனப்பாடமா சொல்லுதிய. என் பேரு ஒண்ணுதான் தொண்டையில சிக்குதாக்கும்?" சார் பார்த்தார், அப்புறம் சிரிச்சுட்டார். "வாய் இருக்கு இந்தப் பொண்ணுக்கு. கிரிஜா, இதுக்கு ஒரு சீன் கொடுத்துப் பாருங்க" அப்படின்னார். கொடுத்தாங்க. ரெண்டு சீன் எழுதினா. அதை நான்தான் சுத்தமா டைப் அடிச்சுக் கொடுத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஒண்ணு ரெண்டு இடத்துல ஒற்றுப் பிழை, நான் சரி பண்ணிட்டேன்.

இந்த ரூம்ல ஒரு வழக்கம் உண்டு. திங்கக்கிழமை காலையில உண்டியல். வேற ஒண்ணுமில்ல, ஒவ்வொருத்தரும் அந்த வாரம் பார்த்தது, கேட்டது ஒண்ணு சொல்லணும். மாடி வீட்டுல சண்டை, மச்சினிச்சி ஓடிப்போனது, ஆஸ்பத்திரியில கேட்டது, எதுவா இருந்தாலும். அதுலேருந்துதான் கதை வரும். "உண்டியல்ல போட்டுட்டா அது சாமியோடது, போட்டவன் பேரு அதுல இருக்காது" அப்படின்னு சார் சொல்வார். உங்க தங்கச்சி வாராவாரம் ஏதாவது போடுவா. உப்பு லாரி கிளீனர் மூணு வீட்டுல மாப்பிள்ளை விருந்து சாப்பிட்ட கதை, அந்த மாதிரி. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. ஆனா ஒண்ணு அக்கா, இதை நான் கவனிச்சிருக்கேன், வீட்டைப் பத்தி ஒரு வார்த்தை போட மாட்டா. உங்களைப் பத்தி, அம்மாவைப் பத்தி, ஒண்ணுமே.

நான் ஏழு திங்கக்கிழமை ஒண்ணுமே போடல. என் முறை வரும்போது தலையைக் குனிஞ்சுக்குவேன், தாண்டிப் போயிடுவாங்க. எட்டாவது வாரம் வரும்போது சார் கேட்டார், "தவமணி, நீ ஆளா, ஃபர்னிச்சரா? ஃபர்னிச்சர்னா சொல்லிடு, துணி போட்டுத் துடைச்சு வைக்கச் சொல்றேன்." எல்லாரும் சிரிச்சாங்க. உங்க தங்கச்சி மட்டும் சிரிக்கல, அதையும் சொல்லிடணும். அறக்கட்டளைக்கு மாசாமாசம் ஒரு படிவம் போகும். அதுல 'பங்கேற்பு'ன்னு ஒரு கட்டம். எனக்கு ரெண்டு மாசமும் 'குறைவு'. மூணாவது தடவையும் 'குறைவு'ன்னா திரும்ப அனுப்பிடுவாங்க. திரும்பிப் போனா எங்க வீட்டுல மில்லு மேஸ்திரி பையனைத் தயாரா வச்சிருக்காங்க. இதெல்லாம் ஏன் சொல்றேன்னா, நீங்க என் நிலைமையையும் பார்க்கணும்.

அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை மத்தியானம். ஹாஸ்டல் மொட்டை மாடியில துணி துவைச்சுக்கிட்டிருந்தோம். எனக்கு அழுகையா வந்துடுச்சு. எனக்குச் சொல்றதுக்கு வாழ்க்கையில ஒண்ணுமே நடக்கலேன்னு சொன்னேன். "ஏட்டி, நடக்காம இருக்கது நல்லதுட்டி"ன்னா. அப்புறம் பாவாடையைப் பிழிஞ்சுக்கிட்டே சொன்னா, எங்க வீட்டுல நடந்ததைக் கேட்டா நீ இப்படிப் பேச மாட்டேன்னு.

உங்களுக்குத் தெரிஞ்சதுதான், இருந்தாலும் வரிசையா சொல்றேன். ரெண்டு தடவை உங்களுக்குக் கரு தங்கல. மூணாவதும் தங்கலேன்னா அப்பன் வீட்டுக்குப் போயிடணும்னு மாமியார் சொல்லியிருந்தாங்க. வீட்டுக்காரர் சவுதியில. அஞ்சாம் மாசம், மாமியார் மக வீட்டுக்குப் போயிருந்த வாரத்துல, கலைஞ்சுடுச்சு. வளைகாப்புக்கு நாள் குறிச்சாச்சு, தெருவுக்கே சொல்லியாச்சு. வளைகாப்பு முடிஞ்சா எப்படியும் அம்மா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அங்க வந்துட்டா, அங்க வச்சுப் போச்சுன்னு சொல்லிக்கலாம். மருமகளைக் குத்தம் சொல்ல முடியாது. அதுக்கு நாப்பத்தோரு நாள் தள்ளணும். பழைய வாயில் புடவையை நாலா மடிச்சு உங்க தங்கச்சிதான் தினமும் காலையில வயித்துல கட்டி விட்டிருக்கா, காலேஜ் லீவு போட்டுட்டு உங்க கூடவே இருந்து. உங்களுக்கு, அம்மாவுக்கு, அவளுக்கு, மூணு பேருக்குத்தான் தெரியும். அப்பாவுக்குக்கூடத் தெரியாது. வளைகாப்பு அன்னிக்கு யாரோ ஒரு அத்தை வயித்துல கை வைக்க வந்தாங்க. நீங்க சந்தனக் கிண்ணத்தைத் தட்டி விட்டுட்டீங்க.

அழுறீங்களா? தண்ணி குடிங்க.

எனக்கும் கேட்டப்ப அழுகை வந்துச்சு. நிஜமாதான்.

மறுநாள் திங்கக்கிழமை. மாத்தின சீன் பேப்பரைக் கொடுத்துட்டு வரச் சொல்லி முப்பிடாதியைப் பூந்தமல்லியில ஷூட்டிங் நடக்கிற இடத்துக்கு அனுப்பிட்டாங்க. அவ ரூம்லேயே இல்ல. இது உங்களுக்கு முக்கியம்னு நினைக்கிறேன். அந்தத் திங்கக்கிழமை அவ ரூம்ல இல்ல. ஷூட்டிங் ரிஜிஸ்டர்ல அவ கையெழுத்து இருக்கும், வேணும்னா கேட்டுப் பார்க்கலாம்.

அன்னிக்கு என் நோட்டுல எழுதியிருக்கிறதை அப்படியே படிக்கிறேன். கொண்டு வந்திருக்கேன், பாருங்க. "ஐந்தாம் மாதம் கலைகிறது. வளைகாப்பு வரை மறைக்க வேண்டும். பிறகு தாய் வீடு. மடித்த புடவை. வயிற்றில் கை. சந்தனக் கிண்ணம்." அவ்வளவுதான். பக்கத்துல பேர் ஒண்ணும் இல்ல. முறைப்படி எழுதினது.

சொன்னது நான்தான் அக்கா.

எழுந்திருக்காதீங்க. உட்காருங்க, முழுசா கேட்டுட்டுப் போங்க. ஒரு வார்த்தையில சொன்னா தப்பாப் புரியும்னு இதுக்குத்தான் சொன்னேன். உங்க பேரைச் சொல்லல. ஊரைச் சொல்லல. முப்பிடாதின்னும் சொல்லல. "எங்க ஊர்ல ஒரு பொண்ணு"ன்னுதான் ஆரம்பிச்சேன். எங்க ஊர்னா திண்டிவனம். முதல்ல வளைகாப்பு வரைக்கும் மறைச்சதை மட்டும்தான் சொன்னேன். கிரிஜா மேடம் டீ டம்ளரைக் கீழ வச்சுட்டாங்க. சார் முன்னால குனிஞ்சு கேட்டார், "சரி, எவளாவது வயித்துல கை வைக்க வந்தா என்ன பண்ணுவா?" அங்க நான் நிறுத்தியிருக்கலாம். தெரியாது சார்னு சொல்லியிருக்கலாம். ஆனா அக்கா, என் வாழ்க்கையில அதுவரைக்கும் ஒருத்தர்கூட நான் அடுத்து என்ன சொல்லப்போறேன்னு காத்துக்கிட்டிருந்தது கிடையாது. ஆறு பேர் காத்துக்கிட்டிருந்தாங்க. சந்தனக் கிண்ணத்தைச் சொன்னேன்.

"ரெண்டு மாசத்துக்குக் கதை கிடைச்சாச்சு"ன்னார் சார். என்னைப் பார்த்து, "ஃபர்னிச்சர் பேசிடுச்சுய்யா"ன்னார். ஆனா அது கிண்டல் இல்ல, பாராட்டு. அந்த மாசப் படிவத்துல 'மிக நன்று' போட்டாங்க.

வில்லிக்குக் கொடுத்தது அவங்க முடிவு. எனக்கு அதுல சம்பந்தமே இல்ல. நான் சொன்னது பாவப்பட்ட பொண்ணா. சார்தான், "பாவப்பட்டவ பண்ணா ரெண்டு நாள் அழுவாங்க, கெட்டவ பண்ணா ரெண்டு மாசம் திட்டுவாங்க, திட்டுறவங்கதான் மறுநாளும் டிவியைப் போடுவாங்க"ன்னார். சொத்துக்காக வயித்துல தலகாணி கட்டுற மாதிரி மாத்தினாங்க. சபையில எல்லார் முன்னாலயும் அதை உருவி எடுக்கிறதெல்லாம் கிரிஜா மேடம் எழுதினது. ஆனா கிண்ணத்தை மட்டும் மாத்தல. அது நல்லா இருக்குன்னு அப்படியே வச்சுக்கிட்டாங்க.

மறுஒளிபரப்புல உங்க மாமியார் அதைப் பார்த்துட்டு, டிவியை விட்டுட்டு உங்களைப் பார்த்தாங்கன்னு இப்ப நீங்க சொன்னப்பதான் எனக்குத் தெரியும். யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்கன்னுதான் நினைச்சேன். தமிழ்நாட்டுல எத்தனை வளைகாப்பு, எத்தனை கிண்ணம்.

செவ்வாக்கிழமை முப்பிடாதி வந்தா. அந்தக் கதையை எழுதியிருந்த போர்டை ரொம்ப நேரம் பார்த்தா. அப்புறம் திரும்பி, "இது யாரு சொன்னது?"ன்னா. "உண்டியல்ல விழுந்தது"ன்னார் சார். யாரு போட்டதுன்னு கேட்டா. "ரூம்ல பேர் கேக்கக் கூடாது, உனக்குப் பயிற்சியில சொல்லித் தரலையா?" அப்படின்னார். எல்லாரும் பேசாம இருந்தாங்க. நானும் இருந்தேன். என்கிட்ட தனியா அவ கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனோ என்னவோ.

"இத எடுத்துருங்க சார். உசுரோட இருக்க ஆளு கதை இது"ன்னா. "எல்லாமே உசுரோட இருக்கிறவங்க கதைதாம்மா. செத்தவங்களா சீரியல் பார்க்கிறாங்க?" சார் அப்படிக் கேட்டதும் பின்னால ரெண்டு பேர் சிரிச்சுட்டாங்க. அவ துப்பட்டாவை எடுத்தா. போர்டை அழிச்சா. இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடி வரைக்கும், பதினோரு சீன். இந்த ரூம்ல யார் வேணும்னாலும் என்ன வேணும்னாலும் பேசலாம், ஆனா போர்டை சார் தவிர யாரும் அழிக்கக் கூடாது. அவர் கத்தல. கத்தியிருந்தா பரவாயில்ல. "பையை எடுத்துக்கோ"ன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "தவமணி, நோட் இருக்கில்ல?"

இருந்துச்சு. எழுதினேன். பதினோரு சீனும், ஒரு வரி விடாம. எழுதி முடிக்கிற வரைக்கும் அவ கதவுகிட்டயே நின்னு பார்த்துக்கிட்டிருந்தா. கடைசி சீன் முடிஞ்சதும் போயிட்டா.

நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு தெரியுது. நோட் எடுக்கல சார்னு ஒரு பொய் சொல்லியிருந்தா அன்னிக்கே அது நின்னிருக்கும். மேல மறுபடி யோசிக்கவெல்லாம் நேரம் கிடையாது, சேனலுக்கு மறுநாள் கொடுத்தாகணும். கையில தயாரா இருந்த வேற கதைக்குப் போயிருப்பாங்க. ஆனா நோட் இல்லேன்னா நான் எதுக்கு அக்கா அந்த ரூம்ல? அதுக்குத்தானே என்னை வச்சிருக்காங்க.

சாயந்திரம் ஹாஸ்டல்ல துணி அடுக்கிக்கிட்டிருந்தா. சண்டை போடுவான்னு பயந்துட்டுத்தான் போனேன். போடல. "ஏட்டி தவமணி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். எங்க அக்கா பேர சொன்னியா?" அப்படின்னு மட்டும் கேட்டா. இல்லேன்னு சொன்னேன், சத்தியமா இல்லேன்னேன். "சரி"ன்னா. அவ்வளவுதான். ஏன் அப்படிக் கேட்டான்னு அப்ப எனக்குச் சட்டுன்னு பிடிபடல.

வீட்டுலயும் என் பேரைச் சொல்லலையா அவ? "ஒரு பிள்ளைட்ட சொன்னேன், என் தப்புதான்" அப்படின்னு மட்டுமா சொன்னா? ஹாஸ்டல் வார்டன்கிட்ட விசாரிச்சுத்தான் என்னைத் தேடி வந்தீங்களா? பார்த்தீங்களா, இதுதான் அவகிட்ட பிரச்சினை. நல்லவதான், ஆனா பிடிவாதம். அன்னிக்கே பேரைச் சொல்லியிருந்தா உங்களுக்கு இந்த அலைச்சல் இல்ல, அவளுக்கும் பனியன் கம்பெனியில பிசிறு வெட்டுற வேலை இல்ல.

நஷ்டம் உங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க அக்கா. அந்தக் கதை எட்டு வாரம் ஓடுச்சு. வியாழக்கிழமை வியாழக்கிழமை ரேட்டிங் வரும், ஒவ்வொரு வாரமும் ஏறுமுகம். கேக் வெட்டினாங்க. டைட்டில்ல 'கதை விவாதம்'னு அஞ்சு பேர் பேரு வருது. என் பேரு இல்ல. எவ்வளவு தயங்கித் தயங்கிக் கேட்டேன் தெரியுமா? மூணு நாள் ஒத்திகை பார்த்துட்டுப் போய் சார்கிட்ட கேட்டேன். "நீ சொன்னதுக்கு என்னம்மா ஆதாரம்? உன் நோட்டுல நீயே பேர் போடலையே"ன்னார். எல்லாருக்கும் தெரியும் அக்கா, ஆறு பேர் காதால கேட்டிருக்காங்க. ஒருத்தர் வாயைத் திறக்கல. திண்டிவனத்துல எங்க அம்மா தினமும் டைட்டில் முடியற வரைக்கும் நின்னுக்கிட்டே பார்க்கிறாங்க, என் பேரு வருமான்னு. யார்கிட்டயும் சொல்ல முடியல. உங்ககிட்ட சொன்னதுல பாரம் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு.

என்ன? இப்பவா? அப்பாகிட்டயா?

எனக்குப் போன்ல பேச வராதுக்கா. நீங்களே சொல்லிடுங்களேன். நீங்க சொன்னா நம்ப மாட்டாரா? தங்கச்சியைக் காப்பாத்த நீங்களே கதை கட்டிச் சொல்றதா நினைப்பாரா? சரி... சரி, கொடுங்க. ரிங் போகுதா?

ஹலோ. ஐயா, வணக்கம். இல்லைங்கய்யா, அக்கா இங்கதான் பக்கத்துல இருக்காங்க. நான் சென்னையிலேருந்து... ஆமாங்கய்யா, அந்த சீரியல் ஆபீஸ்தான். ஐயா, திட்டாதீங்க, ஒரே ஒரு விஷயம். உங்க சின்னப் பொண்ணு அதைச் சொல்லலைங்கய்யா. ஆமா, சத்தியமா. அன்னிக்கு அவ ரூம்லேயே இல்ல. வேற யாரா? அது வந்து... அது இங்க வேலை பார்க்கிற... நான் யாரா? என் பேரா?

கட் ஆயிடுச்சுக்கா.

இல்லக்கா, விரல் பட்டுடுச்சு போல. வேணும்னு பண்ணல. என்னை அப்படிப் பார்க்காதீங்க, வாட்ச்மேன் இந்தப் பக்கம் திரும்புறார். சொல்லலேன்னு சொல்லிட்டேனே, அதுதானே உங்களுக்கு வேணும்? போன வாரம்தான் சேனல் மேடம் வந்து, அடுத்த சீரியலுக்கு என்னை எழுதுறவங்க வரிசையில உட்கார வைக்கலாமான்னு சார்கிட்ட கேட்டுட்டுப் போயிருக்காங்க. இந்த நேரத்துல ஒரு புகார், போலீஸ், பேப்பர்னு போனா... நீங்க போக மாட்டீங்க, தெரியும். அப்பா புகார் கொடுக்கப் போயிட்டார்னா?

மணி ரெண்டு ஆயிடுச்சு. மேலேருந்து கூப்பிடறாங்க. இந்தாங்க போன். மறுபடி அடிக்குது, உங்க அப்பாதான். எடுங்க. எடுத்து முப்பிடாதி சொல்லலேன்னு சொல்லுங்க, இங்க இருக்கிற ஒரு பொண்ணு சொன்னதுன்னு சொல்லுங்க, என்ன வேணும்னாலும் சொல்லிக்கோங்க.

என் பேரு மட்டும் வேண்டாம் அக்கா.